அக்கா வாய்விட்டுச் செய்த ஜெபம்

என் அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைச் சொல்லி யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து பார்த்தால்தானே தெரியும், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எத்தனை வாண்டுகள் அலைகின்றன என்று. வாரம் முழுக்க அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று குனிந்து பார்ப்பாள். சின்னப் பிள்ளை என்றால் தரையிலேயே மண்டிபோட்டுவிடுவாள். அவள் டீச்சராக இருக்கும் சண்டே ஸ்கூலிலும் அதே பழக்கம்தான். நின்றுகொண்டு எந்தப் பிள்ளையிடமும் பேசமாட்டாள்.

வகுப்பு நடப்பது சபைக் கட்டிடத்துக்குப் பின்னாலிருக்கும் சாமான் அறையில். உடைந்த மைக் ஸ்டாண்ட், பழைய பாட்டுப் புத்தகக் கட்டுகள், நடுவில் ஒரு பெரிய பாய். அங்கே வரும் ஒரு பெண்பிள்ளை வாயையே திறக்காது. மற்ற பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. மிட்டாய், ஸ்டிக்கர் என்று அக்கா என்னென்னவோ செய்து பார்த்தாள். மசியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வகுப்பு முடிந்ததும் பாய் சுருட்டக் கூப்பிட்டாள். ஒரு முனையை அது பிடிக்கும், மறுமுனையை இவள். கேள்வியே கிடையாது. மாதக்கணக்கில் இப்படியே போனது. நானாக இருந்தால் இரண்டாவது வாரமே கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டே அது பேசியது.

"டீச்சர், எங்கப்பா வேலைக்குப் போறதில்ல. காலைல சாப்பாடு கட்டிக்கிட்டுப் போயி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கார். ஸ்கூல் வேன்ல இருந்து பாத்தேன். அம்மாவுக்குத் தெரியாது. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன்டா கண்ணு," என்றாள் அக்கா.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம்கூட மூச்சுவிடவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு ஆராதனையில், "ஜெப விண்ணப்பம் இருக்கிறவங்க சொல்லலாம்," என்று போதகர் கேட்டதும் எழுந்துவிட்டாள். எங்கள் ஆட்களின் வியாதி இது. யாரிடமும் சொல்லக்கூடாததை ஆண்டவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே சொல்லிவிடுவோம்.

"வேலை போனதை வீட்டுல சொல்ல முடியாம, தினமும் பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்திருக்கிற ஒரு தகப்பனுக்காக, அதை மனசுல வச்சுக்கிட்டுத் தவிக்கிற நம்ம சண்டே ஸ்கூல் பிள்ளைக்காக ஜெபிப்போம்."

பெயர் சொல்லவில்லை. பெயர் எதற்கு? அந்தப் பிள்ளையின் அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அப்பா மெதுவாக எழுந்து வெளியே போனார். அக்காவோ கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

இதில் கூத்து என்னவென்றால், ஆண்டவர் அந்த ஜெபத்தைக் கேட்டுவிட்டார். சபையிலிருந்த கிடங்கு மேலாளர் ஒருவர் விஷயம் புரிந்து, சீக்கிரமே அந்த மனிதருக்கு வேலை போட்டுக் கொடுத்தார். எல்லோரும் அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாக்காரி வந்து அவள் கையைப் பிடித்து, "உங்க ஜெபந்தான்," என்று அழுதாள். பிள்ளை மட்டும் வகுப்பு முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடும். பாயை அக்கா தனியாகச் சுருட்டினாள்.

ஒருமுறை அதன் முன்னால் மண்டிபோட்டுக் கேட்டாள். "டீச்சர் மேல கோவமாடா?"

"இல்ல டீச்சர்."

"தப்புப் பண்ணிட்டேன். என்ன மன்னிச்சிரு."

"சரிங்க டீச்சர்."

அவ்வளவு மரியாதை. ஒரு முறை கத்தியிருந்தால்கூட அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன ஞாயிறு, புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி கண் கலங்கியபடி டீச்சரைத் தேடியிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் அக்கா நிற்பது தெரியாமல் நம் உம்மணாமூஞ்சிப் பிள்ளை அந்தச் சிறுமியைக் கையைப் பிடித்து நிறுத்தி, நல்ல மனதோடுதான், சொன்னதாம்:

"டீச்சர்கிட்ட சொல்லாத. ஜெபம் பண்ணிருவாங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அக்கா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அவ சொன்னதுல என்னடி தப்பு?"