நான் சொல்லாமல் விட்ட வாக்கியம்

மைக் அக்காவின் உயரத்துக்கு அதிகமாக இருந்தது. நீல அங்கி போட்ட ஒரு பெண் ஓடிவந்து அதைத் தாழ்த்திவிட்டுப் போனார். பச்சை விளக்கு எரிந்தது. பேசுவதற்கு மூன்று நிமிடம், மொழிபெயர்ப்புக்கு இன்னொரு மூன்று நிமிடம் என்று மேடையிலிருந்த பேராயர் சொன்னார். அக்கா தோளில் சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே இருந்த ஆயிரக்கணக்கான முகங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் நிறுத்துற எடத்துல நீங்க சொல்லிருங்க டீச்சர்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்து இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

எங்கள் மெதடிஸ்ட் சபைப் பிரிவு உலகம் முழுக்க இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் ஓரிடத்தில் கூடிச் சபையின் சட்டங்களைத் தீர்மானிப்பார்கள். பாதிப் பேர் போதகர்கள், பாதிப் பேர் சாதாரண விசுவாசிகள் என்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் பகுதிச் சபைகளுக்கு இருந்ததே இரண்டு இடங்கள். போதகர் தரப்பில் மாவட்டக் கண்காணிப்பாளர் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற இடத்துக்கு ஒரு வக்கீலோ கல்லூரிப் பேராசிரியரோதான் வருவார்கள் என்று நினைத்திருந்தோம். வாக்குச் சீட்டுகளை எண்ணியபோது வந்தது அக்காவின் பெயர்.

அக்காவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழை மண்டி. கணவர் போன பிறகு தனியாக நடத்தி வந்தார். விடிவதற்குள் லாரி வந்து நிற்கும். தாரைத் தூக்கிப் பார்க்காமலே, காம்பை மட்டும் தொட்டு, இது எந்த ஊர்க் கொல்லையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். திருவானைக்காவலில் சொந்த வீடு. சபையில் அவர் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் முதலில் போய் நிற்பவர் அவர்தான். கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, "இப்ப நாம எதுக்குக் கூடியிருக்கோம்? அதைப் பேசுங்க" என்று சொல்பவரும் அவர்தான். அதற்காகத்தான் ஜனங்கள் அவருக்கு வாக்களித்தார்கள் என்று நினைக்கிறேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அதனால் மொழிபெயர்ப்பாளராக என்னையும் அனுப்புவது என்று முடிவானது.

புறப்படுவதற்கு முன் தீர்மானங்கள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்று வந்தது. இரண்டு மாதங்கள், வாரத்துக்கு மூன்று மாலை, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து அதை அவருக்குத் தமிழில் சொன்னேன். ஆற்றங்கரைக் காற்றில் பக்கங்கள் படபடக்கும். அவர் கைக்குட்டையை மடித்து மேலே வைப்பார். உட்பிரிவுகளும் திருத்தங்களுமாக நான் சொல்லிக்கொண்டே போவேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்பார். "இதனால யாருக்கு என்ன போவுது டீச்சர்?" ஒன்றுமில்லை என்றால் அடுத்ததற்குப் போகச் சொல்வார். இப்படியே போய், ஒருநாள் அந்தத் தீர்மானத்துக்கு வந்தோம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவாக உறுப்பினர்கள் உள்ள வட்டாரங்களின் பிரதிநிதிகள் இனிமேல் மாநாட்டில் பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. நிர்வாகத்தை எளிமையாக்குவதற்காக என்று காரணம் போட்டிருந்தது.

"யாருக்கு என்ன போவுது?" என்று அவர் கேட்டார்.

"நமக்குத்தான் அக்கா. நம்ம ஓட்டு போயிரும்."

அவர் அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைக்கச் சொன்னார். அன்று அதற்குமேல் படிக்கவில்லை.

விமான நிலையத்தில் கண்காணிப்பாளர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அவர் யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "அம்மா கொஞ்சம் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா பேசுறவங்க. நாம விருந்தாளியா போறோம். யார் மனசும் நோகக் கூடாது. நீங்கதான் பாத்துப் பக்குவமா சொல்லணும்" என்றார். சரிங்க ஐயா என்றேன். அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பக்குவமாகச் சொல்வது என் தொழில் என்றுகூட ஒரு பெருமை இருந்தது.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு ஊர். ஏப்ரல் மாதத்திலும் குளிர். விடுதியின் காலை உணவு மேசையில் இருந்த வாழைப்பழத்தை அக்கா கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பழுக்க விடாமலே பழுக்க வெச்சிருக்காங்க" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். மாநாட்டு அரங்கில் எங்களுக்குக் கடைசிக்கு முந்தின வரிசை. மேசையில் வாக்களிக்கும் சிறு கருவி ஒன்று இருந்தது. ஒன்றை அழுத்தினால் ஆம், இரண்டை அழுத்தினால் இல்லை. முதல் நாள் ஒத்திகைக்காக, மதிய உணவு பிடித்திருந்ததா என்று கேட்டு வாக்கெடுத்தார்கள். அக்கா இரண்டை அழுத்திவிட்டு, தன் விரலுக்குத் திரையில் கணக்கு மாறியதைப் பார்த்துச் சிரித்தார். "நான் ஒருத்தி அழுத்துனது அங்க தெரியுது பாருங்க" என்றார்.

அந்தத் தீர்மானம் ஆறாம் நாள் வந்தது. பேச விரும்புகிறவர்கள் வண்ண அட்டையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். முக்கால் மணி நேரம் அக்கா கையை இறக்கவே இல்லை. கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில்தான் பேராயரின் பார்வை எங்கள் வரிசைக்கு வந்தது.

அவர் பேசியது இதுதான். எங்கள் சபையில் எத்தனை குடும்பங்கள், அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டு வெள்ளம் வந்த வருஷம் சபைக் கோயில் கதவைத் திறந்து எத்தனை பேரைத் தங்க வைத்தார்கள். இதையெல்லாம் சொல்லி ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தினார். நானும் ஒழுங்காகச் சொல்லி வந்தேன். பிறகு அவர் குரல் தணிந்தது.

"எங்க தாத்தாவுக்கு ஊரு வையம்பட்டி பக்கம். அங்க ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துல எங்க ஆளுங்கள வேலி ஓரமா உக்கார வெச்சாங்க. மேளம் வாசிக்கச் சொன்னாங்க, வாழ்த்தச் சொன்னாங்க. இலை மட்டும் போடல. எங்க தாத்தா அங்கேருந்து எழுந்துதான் இந்தச் சபைக்கு வந்தாரு. இங்க எல்லாருக்கும் ஒரே பந்தின்னு சொன்னாங்க. இப்ப நீங்களும் பேசு, ஆனா ஓட்டு இல்லேன்னு சொன்னா, அது இலை போடாம உக்கார வெக்கிறதுதான். நாங்க இனிமே எங்க எழுந்து போறது?"

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் சொன்னது நான்கே வரி. எங்கள் முன்னோர்கள் பல சிரமங்களுக்கிடையில் இந்தச் சபைக்கு வந்தார்கள். இங்கே சமத்துவத்தைக் கண்டார்கள். இந்தத் தீர்மானம் எங்களுக்கு வருத்தமளிக்கிறது. தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள். அழகான ஆங்கிலம். அரங்கம் மரியாதையாகக் கைதட்டியது. அக்கா கைதட்டலைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு இருக்கைக்குத் திரும்பினார். வாக்கெடுத்தார்கள். மிகச் சொற்ப வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

தேநீர் இடைவேளையில் மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் எங்களிடம் வந்தார். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க சொன்ன பந்திக் கதை என் நெஞ்சுல நிக்குது. ஆனா அதை இவங்க இங்கிலீஷ்ல சொல்லவே இல்லையே அக்கா. ஏன்?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில்கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அவர் போன பிறகு அக்கா வராந்தாவில் கண்ணாடிச் சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே நல்ல வெயில். வெயிலைப் பார்த்து ஏமாந்து சால்வை இல்லாமல் போய்விட்டு நடுங்கிக்கொண்டு திரும்பியவர்களைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் சொன்னதுல எதை விட்டீங்க?"

"தாத்தா கதையை விட்டுட்டேன் அக்கா. இலை போடாததையும்."

"அப்ப என்னதான் சொன்னீங்க?"

சொன்னேன். அந்த நான்கு வரியையும் தமிழில் சொல்லிக் கேட்கும்போது, அதில் ஒன்றுமே இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"என்னை இங்க அனுப்புனது அதைச் சொல்லத்தான் டீச்சர். அழகாப் பேச வேணும்னா உங்களையே அனுப்பியிருப்பாங்க" என்றார். பிறகு, "அந்தக் கைதட்டலை நான் எனக்குன்னு நெனச்சிக்கிட்டேன்" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கண்காணிப்பாளர் சொன்னதால் விட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதி அன்று என் வாயில் வரவில்லை. என் தாத்தா கிறிஸ்தவரானவர்தான். ஆனால் அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் எங்கள் வீட்டுப் பந்தியில் யாருக்கு இலை போடுவது, யாரை வேலியோரம் நிறுத்துவது என்பதில் எந்த மாற்றமும் இருக்கவில்லை. அம்மா வாயால் கேட்டிருக்கிறேன். அக்கா மைக்கின் முன் அதைச் சொன்னபோது எங்கள் வீட்டு முற்றம்தான் எனக்குத் தெரிந்தது. அத்தனை நாட்டுக்காரர்கள் முன்னால், அவர் சபையைக் கேட்ட கேள்வியை நான் என்னைக் கேட்டதாக எடுத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் நான் அக்காவின் அட்டையை எடுத்து உயர்த்தினேன். பிரதிநிதி அல்லாத எனக்குப் பேச உரிமை கிடையாது. கண்காணிப்பாளர் ஐயா என் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையை விட்டார். பிறகு தன் அட்டையை உயர்த்தி, தன் நேரத்தை எனக்குத் தர வேண்டும் என்று பேராயரிடம் கேட்டார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நேற்று ஒருவர் பேசியதை நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை, மொழி தெரியாததால் அல்ல, பயத்தால் என்று சொல்லிவிட்டு, அக்காவின் வாக்கியங்களை வரிசையாகச் சொன்னேன். வேலி, இலை, எழுந்து போன தாத்தா, எங்கே போவது என்ற கேள்வி. யாரும் கைதட்டவில்லை. ஹெட்போன்களில் மற்ற மொழிகளுக்குப் போய்ச் சேர்வதற்கான சில நொடிகள் கழித்து, ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்த பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்திருந்த ஒரு வயதான வெள்ளைக்காரர், அதை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிந்தார். அதற்கும் வாக்கெடுத்தார்கள். தோற்றுவிட்டது. முந்தின நாளே நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டு இன்னும் போகவில்லை.

அடுத்த மாநாட்டுக்கு எங்கள் வட்டாரத்துக்கு வாக்கு இல்லை, பேசும் உரிமை மட்டும். அப்படிப்பட்ட இடத்துக்குப் போக யாரும் முன்வரவில்லை. அக்கா போகிறேன் என்றார். மொழிபெயர்க்க யார் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, நான் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். நல்ல ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். "டீச்சர்தான் வரணும்" என்று அக்கா சொல்லிவிட்டார். கூட்டம் முடிந்து மார்க்கெட்டுக்கே அவர் பின்னால் போனேன். தார்களுக்கு நடுவே நின்றுகொண்டு, எங்கள் வீட்டுப் பந்தியைப் பற்றி, எதற்காக அன்று வாயடைத்துப் போனேன் என்பதைப் பற்றி, நான்கு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். அவர் ஒரு காயை அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "உங்க வீட்டுப் பேரு எங்க பக்கத்துல தெரிஞ்ச பேருதான் டீச்சர். எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பிறகு லாரிக்காரரிடம் பேசப் போய்விட்டார். அந்த விஷயத்தை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

இப்போது அக்காவுக்கு முழங்கால் முடியவில்லை. மண்டியை மகள் பார்த்துக்கொள்கிறாள். இந்த முறை எங்கள் பிரதிநிதியாகப் போயிருப்பவர் சொந்தமாகவே ஆங்கிலம் பேசும் இளம்பெண். அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அவர் வாக்களிப்பதை நாங்கள் கோயில் கூடத்தில் திரையில் நேரலையாகப் பார்த்தோம். சர்வசாதாரணமாக ஒன்றையோ இரண்டையோ அழுத்துகிறார். அழுத்திவிட்டுப் பக்கத்திலிருப்பவரோடு பேச்சைத் தொடர்கிறார். அந்த உரிமை திரும்பி வந்த நாளில் எங்கள் மேசையில் அழுத்துவதற்குக் கருவி இருக்கவில்லை.

அக்காவின் இரண்டாவது மாநாடு அது. சிறிய வட்டாரங்களுக்கு வாக்கைத் திருப்பித் தரும் தீர்மானத்தின்மீது அவர் பேசினார். அந்த முறை நான் ஒரு சொல்லையும் விடவில்லை. அவர் இருமியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கெடுப்பு தொடங்கியதும் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கருவியை எடுத்தார்கள். அக்கா வெறுங்கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் உரிமைக்கான வாக்கெடுப்பில் மற்றவர்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவர் செய்வதற்கு எதுவும் இல்லை. திரையில் எண்கள் வந்தன. பேராயர் ஏதோ சொன்னார். அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது.

"என்னவாம்?" என்று அக்கா கேட்டார்.

"நம்ம ஓட்டு திரும்ப வந்துருச்சு அக்கா."

அவர் உடனே சந்தோஷப்படவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அவங்க சொன்னதே அதுதானா, இல்ல எனக்காகப் பக்குவமா சொல்றீங்களா?"

"அவங்க சொன்னதுதான் அக்கா. அப்படியே சொல்றேன்."

அதற்குப் பிறகுதான் அவர் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.