நயாகராவும் எங்கள் வாய்க்காலும்

காலையில் தா.பழூர் வயலில், தண்ணீர் முறை யாருக்கு என்று என் அப்பாவும் சித்தப்பாவும் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டார்கள். அப்பாவுக்கு மண்டையில் ஒன்பது தையல். சித்தப்பாவுக்கு இடது கை முறிவு. ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் அடுத்தடுத்த கட்டில்.

சாயங்காலம், விஷயம் தெரியாத தம்பி நயாகராவிலிருந்து வீடியோ காலில் வந்தான். "அப்பா, இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் கனடா. எவ்ளோ தண்ணி பாருங்க!"

"மொறை யாருக்குடா?"

"ரெண்டு பேருக்கும்தாம்ப்பா."

"கேட்டியாண்ணே?" என்றார் சித்தப்பா.

அப்பா தண்ணீர் பாட்டிலை அவர் முகத்தில் வீசினார். சித்தப்பா நல்ல கையால் அப்பாவின் கழுத்தைப் பிடித்தார். தலைக்கட்டு மறுபடி சிவந்தது. தரையில் விழுந்த போனில் நயாகரா இரைந்துகொண்டிருந்தது.

இப்போது இரண்டு கட்டிலுக்கும் நடுவே நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் உத்தரவு.

உங்கள் வீட்டில் இந்த வேலையை யார் பார்க்கிறார்கள்?