மூன்றாவது வரிசையில் ஒரு வெள்ளைத் துண்டு

சலவைக்கூடத்து அக்காவைப் பற்றி ஆஸ்பத்திரியில் விசாரித்தால், கீழ்த்தளத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிற உருளை மெஷினை இருபத்தாறு வருஷமாகக் கட்டி மேய்க்கிறவர் என்பார்கள். அதே அக்காவை நாடகக் கொட்டகையில் விசாரித்தால், "யாரு, மூணாவது வரிசையா?" என்று கேட்பார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி ஆட்டத்துக்கு, மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் அவர் இருப்பார். அந்த நாற்காலியில் தெரியாமல் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் டிக்கெட் கிழிப்பவரே வந்து பக்குவமாக எழுப்பி விடுவார்.

அவர் வந்திருக்கிறாரா இல்லையா என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் பெருத்துப்போனவர் அவர். குரல் பெருத்தால் சிரிப்பு மட்டும் சின்னதாகவா வரும்? அவர் சிரித்தால் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டுப்போய், கொட்டகையே சேர்ந்து சிரிக்கும்.

அந்தச் சிரிப்பு ஒரு காலத்தில் அவரிடம் இல்லாமல் போயிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய வீட்டுக்காரர் இதே ஆஸ்பத்திரியில்தான் இறந்துபோனார். அவர் கடைசியாகப் படுத்திருந்த விரிப்பும் வண்டியில் ஏறிக் கீழே வந்து அக்கா கையால்தான் மெஷினுக்குள் போனது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அக்கா வேலைக்கு வந்தார், போனார், சாமி கும்பிட்டார், படுத்தார். சிரிப்பு மட்டும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் துவைக்க வந்த டாக்டர் கோட்டு ஒன்றின் பையில் நாடக டிக்கெட் ஒன்று கிடைத்தது. பத்திரமாக எடுத்துக்கொண்டு மேலே போய்க் கொடுத்தார். டாக்டருக்கு அன்றைக்கு ஆபரேஷன் இருந்தது. நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் அம்மா என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீணாகக் கூடாதே என்றுதான் அக்கா போனார். மேடையில் ஒரு மனிதர் விரித்த குடையோடு வீட்டுக்குள் நுழைந்தார். குடையை மடக்கத் தெரியவில்லை. குடையோடு உட்கார்ந்தார், குடையோடு காப்பி குடித்தார், கடைசியில் குடையோடு வாசல்படியில் மாட்டிக்கொண்டார். யாரோ கொட்டகை அதிரச் சிரிக்கிறார்களே என்று அக்கா திரும்பிப் பார்த்தார். சிரித்தது அவரேதான். அங்கேயே கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

குடை பிடித்த அந்த மனிதருக்கு, கடைத்தெருவில் சாவி வெட்டுகிற தொழில். எல்லாரும் சாவிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். தாங்கமுடியாத வலிக்கு மருந்து கொடுத்த கையை எப்படி நினைத்துக்கொள்வோமோ, அப்படித்தான் அக்கா அவரை நினைத்துக்கொண்டார்.

எட்டு வருஷம் பார்த்தால் அபிப்பிராயங்கள் வராமல் இருக்குமா? அக்காவிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. அடுத்தவர் நொண்டி நடப்பதைப் பார்த்துச் சிரிக்க வைப்பது நகைச்சுவையில் சேர்த்தி இல்லை. தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிற நடிகர் விருந்தாளிக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்தவர் மாதிரி. கழுத்தில் மைக்கைக் கட்டிக்கொண்டு கத்த வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. சினிமாவில் நாம் சிரித்தாலும் அழுதாலும் திரையில் இருப்பவருக்குத் தெரியாது. நாடகத்தில் நாம் சிரிப்பது அவர் காதில் விழும். விழுந்ததும் அவர் இன்னும் நன்றாகச் செய்வார். அது ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிற காரியம். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும் இல்லையா, அது போல.

இதையெல்லாம் தினமும் கேட்கிற பாக்கியம் பெற்றவள் அக்காவோடு வேலை செய்கிறவள். ஒல்லியாக இருப்பாள், பேச்சு குத்தும். அதனால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். "நாடகத்துக்குப் போகாமயே எனக்கு எல்லாக் கதையும் தெரியும்க்கா, உன் தொண்டைக்குத்தான் டிக்கெட் போடணும்" என்பாள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. டிக்கெட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். ஆட்டம் முடிந்ததும் அதில் கருத்தை எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும். குழுவை நடத்துகிறவரை வாத்தியார் என்பார்கள். அவர் பாதி வேஷம் கலைத்த நடிகர்களை உட்கார வைத்து, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ ஒன்றையும் மறைக்காமல் சத்தமாகப் படிப்பார்.

போன வருஷத்திலிருந்து சாவிக்காரரிடம் ஒரு கோளாறு வந்திருந்தது. ஒரு வசனம் சொல்வார், கொட்டகை சிரிக்கும், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வசனத்தைச் சொல்லிவிடுவார். பாதி யாருக்கும் கேட்காது. சில இடத்தில் யாருமே சிரிக்காதபோது சும்மா நிற்பார். அக்கா நாலைந்து ஆட்டம் பொறுத்துப் பார்த்தார். உரிமையுள்ளவர் மேல்தானே கோபமும் வரும். ஒரு ஞாயிறு, டிக்கெட்டின் பின்னால் எழுதிப் போட்டார்: "சாவிக்கார அண்ணன் நாம் சிரிப்பதை மதிப்பதில்லை. அவ்வளவு அவசரம் என்றால் வீட்டுக்குப் போகலாம்."

அடுத்த மாதம் சாவிக்காரர் மேடையில் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அக்கா வாத்தியாரிடம் போய்க் கேட்டார். அன்றைக்குச் சீட்டுகளைப் படித்து முடித்ததும், வாத்தியார் வாயையே பார்த்துக்கொண்டிருந்த சாவிக்காரர் எழுந்து, சரியாத்தான் எழுதியிருக்காங்க என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், கூப்பிட்டாலும் வரவில்லை என்று வாத்தியார் சொன்னார். யார் எழுதிய சீட்டு என்று அவர் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சாமி முன்னால் உட்கார்ந்தார். தனக்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தவரை வீட்டுக்குப் போ என்று எழுதின கை தன்னுடைய கைதான் என்பதை அங்கே ஒப்புக்கொண்டார். அவரை எப்படியாவது திரும்ப மேடை ஏற்றித் தரவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

ஒரு காலை, மடித்த விரிப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு காது வைத்தியப் பகுதி வழியாகப் போனபோது, பெஞ்சில் சாவிக்காரர் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அவர் எண்ணைக் கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்டாள். மூன்றாம் முறை கொஞ்சம் எரிச்சலோடு கூப்பிட்டாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். அக்காவால் வண்டியைத் தள்ள முடியவில்லை. போய் அவர் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே வரும்வரை காத்திருந்தார்.

"நாங்க சிரிக்கிறது உங்களுக்குக் கேக்கலையாண்ணே?"

"ரெண்டு வருஷமா சரியா கேக்கலம்மா. சாவி வெட்டுற மெஷின் காதைத் தின்னுடுச்சு. கூட நடிக்கிறவங்க வாயப் பாத்து வசனத்தப் புடிச்சுக்குவேன். ஆனா கொட்டகை இருட்டுல என்ன தெரியும்? மனசுக்குள்ள மூணு வரைக்கும் எண்ணிட்டு அடுத்ததச் சொல்லுவேன். முன்னாடி ரெண்டு வரிசைல வாய் தெறக்குறது மங்கலா தெரியும். அது சிரிப்பாவும் இருக்கலாம், கொட்டாவியாவும் இருக்கலாம்."

காதில் வைக்கிற கருவியையும் வாங்கிப் பார்த்தாராம். மைக் பக்கத்தில் போனால் அது எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டதாம். குழுவில் சொன்னால் பாவம் பார்ப்பார்கள் என்று சொல்லாமலே இருந்துவிட்டாராம்.

"அந்தச் சீட்ட எழுதுனது நான்தாண்ணே."

"தெரியும்மா. உங்க கையெழுத்து எங்க குழுவுல யாருக்குத் தெரியாது? நீங்க பொய் எழுதலையே." அவர் சிரித்தார். "ஒண்ணு சொல்லவா? எல்லாரும் பேசுறது கெணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. நீங்க பேசுறது மட்டும் நல்லா கேக்குது."

அக்கா கீழே வந்து மெஷின் முன்னால் நின்றார். மனசு வேலையில் இல்லை. அந்த மெஷினுக்கு ஒரு பக்கம் குண்டூசி நின்று ஈர விரிப்பை உள்ளே விடுவாள், மறுபக்கம் அக்கா நின்று தேய்ந்து வருவதை வாங்குவார். நடுவில் பேசினால் காதில் விழாது. அதனால் அக்கா கையில் ஒரு வெள்ளைத் துண்டு எப்போதும் இருக்கும். துண்டை உயர்த்தினால், போன விரிப்பு இன்னும் வெளியே வரவில்லை, பொறு என்று அர்த்தம். இறக்கினால், அடுத்ததை விடு. அன்றைக்கு அக்கா துண்டை உயர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார். குண்டூசி அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். என்னவோ ஆகிவிட்டது என்று மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

"ஏய், இந்தத் துண்டத்தான்டி சாவிக்கார அண்ணனுக்குக் காட்டணும்" என்றார் அக்கா.

அன்று வேலை முடிந்ததும் அக்கா நேராகச் சாவிக்காரர் கடைக்குப் போனார். வாத்தியாரிடம் காது விஷயத்தைச் சொல்லாமல் இது நடக்காது என்று பேசிச் சாவிக்காரரைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆயிற்று. வாத்தியார் கோபித்துக்கொண்டார். காதுக்காக இல்லை, இருபது வருஷம் பழகியும் தன்னிடம் மறைத்ததற்காக. பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் காலிக் கொட்டகையில் ஒத்திகை பார்த்தார்கள். மேடை வெளிச்சம் மூன்றாவது வரிசை வரைக்கும் சிந்தும். வெள்ளைத் துண்டு நன்றாகவே தெரிந்தது. சபையோராகச் சிரிப்பதற்குக் குண்டூசியை உட்கார வைத்தார்கள். "சிரிப்பே வரல, சம்பளமில்லாம எப்படிச் சிரிக்கிறது" என்று சொல்லிச் சொல்லியே அவள் எல்லாரையும் சிரிக்க வைத்தாள்.

அடுத்த ஞாயிறு சாவிக்காரர் மேடையேறினார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் வேஷம். அக்கா கடவுளை நினைத்துக்கொண்டு துண்டை மடியில் வைத்திருந்தார். அவர் முதல் வசனம் சொன்னார். கொட்டகை சிரித்தது. துண்டு உயர்ந்தது. சாவிக்காரர் மேலே போகாமல் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்தார். சிரிப்பு அடங்கியது, துண்டு இறங்கியது, அடுத்த வசனம் தெள்ளத்தெளிவாக வந்து விழுந்தது. பழைய சாவிக்காரரேதான்.

பிறகு அவர் புதிதாகச் சாயம் பூசிய நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. கொட்டகை வெடித்தது. அக்கா துண்டை உயர்த்தியவர்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததில் கையை மறந்துவிட்டார். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்தார்கள். துண்டு இறங்கவில்லை. சாவிக்காரர் நாற்காலியை ஒட்டிக்கொண்டு பாதி குனிந்தபடி நின்றார். அவர் அப்படி நிற்பதைப் பார்த்து இரண்டாம் முறை சிரித்தார்கள். அப்போதும் துண்டு மேலேதான். மூன்றாம் முறை சிரிப்பு எழுந்தபோது, அவர் குனிந்தபடியே மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அக்கா, எறக்குங்கக்கா. இடுப்பு புடிச்சுக்கிச்சு."

அது நாடகத்தில் உள்ள வசனம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஆட்டம் முடிந்து வாத்தியார் சீட்டுகளைப் படித்தபோது அக்காவையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சாவிக்காரர் படிப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் சீட்டில், "அவசரமே இல்லை. கடவுளுக்கும் அண்ணனுக்கும் நன்றி" என்று மட்டும் இருந்தது. கடைசியாக யாரோ எழுதியிருந்த ஒன்றை வாத்தியார் எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார், ஆனாலும் மறைக்காமல் படித்தார்: "மூன்றாவது வரிசை ஓரத்தில் இருக்கும் அம்மா நாடகத்தை மதிப்பதில்லை. ஓயாமல் துண்டைத் தூக்கி மறைக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்பவும்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார் அக்கா. அந்தச் சீட்டை வாங்கி மடித்து, வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு டிக்கெட் எடுத்தார். ஒன்று தனக்கு, இன்னொன்று தனக்கு நேர் பின்னால் இருக்கிற நாற்காலிக்கு. அங்கே குண்டூசி உட்கார்ந்தாள்.

"ஊர்ல எல்லாருக்கும் மறைக்கக் கூடாது, எனக்கு மட்டும் மறைக்கலாமாக்கா?"

"உனக்குத்தான் எல்லாக் கதையும் தெரியுமேடி" என்று அக்கா துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டார். திரை விலகியது.