சி அழுத்தினால் டி

மாதா கோவில் பாடகர் குழுவில் கிடார் வாசித்தவர் மாற்றலாகி ஓசூர் போனதும், அந்த இடத்துக்கு என் மனைவி பெயர் கொடுத்தாள். கிடார் வாங்கியது அதற்குப் பிறகுதான். பள்ளி ஆசிரியை, வயது நாற்பதைத் தாண்டியவள்.

சில சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கார்டுகளின் பெயர்கள் ஒரே மாலையில் பிடிபட்டன. முதல் எழுத்துதான் அடிப்படைச் சுரம். வெறும் சி என்றால் சி மேஜர். ஏ எழுத்தை அடுத்துச் சிறிய எம் இருந்தால் ஏ மைனர். ஏழு என்ற எண் ஒட்டியிருந்தால் இன்னொரு சுரம் கூடுதல். விரல்கள்தான் மறுத்தன. சி மேஜருக்கு ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியில் முதல் கட்டத்தில், நடுவிரல் நான்காம் தந்தியில் இரண்டாம் கட்டத்தில், மோதிர விரல் ஐந்தாம் தந்தியில் மூன்றாம் கட்டத்தில். எஃப்புக்கு ஆள்காட்டி விரலை ஆறு தந்திகள் மீதும் படுக்கப் போட்டு அழுத்த வேண்டும்.

"இதக் கண்டுபிடிச்சவனுக்கு எலும்பே இல்ல போல," என்றாள்.

வீட்டில் நன்றாகத்தான் ஒலித்தது. கோவிலில் கீபோர்டோடு சேர்ந்ததும் காது கூசியது. பாட்டுத்தாளில் சி என்று இருக்கிறது. இவளும் சி பிடிக்கிறாள். மூன்று ஒத்திகையிலும் இதே கதை.

குழுத்தலைவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். இதமாகத்தான் சொன்னார்: "விரலு இன்னும் சரியா உக்காரல டீச்சர். திருவிழாப் பூசைக்குச் செம்பட்டியில இருந்து ஒரு ஆளச் சொல்லி வச்சிருக்கேன். நீங்க எங்களோட நின்னு பாடுங்க."

வண்டியில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும், "பாடச் சொல்றாங்க. வாசிக்க லாயக்கில்லன்னு அர்த்தம்," என்றாள்.

திருவிழாவுக்கு முந்தைய கடைசி ஒத்திகைக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். கிடாருக்குச் சுருதி சேர்க்கும் செயலியைத் திறந்து, கைப்பேசியைக் கீபோர்டு மேல் வைத்தாள் மனைவி. கீபோர்டு வாசிப்பவர் வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர்.

"தம்பி, ஒத்த விரலால சி மட்டும் அழுத்துங்க."

அழுத்தினார். திரையில் டி என்று வந்தது.

"என்ன தம்பி இது?"

"ட்ரான்ஸ்போஸ் போட்ருக்கேன் டீச்சர். எனக்கு சி ஸ்கேல் மட்டுந்தான் வரும். எந்தப் பாட்டையும் அதுலயே வாசிச்சுட்டு, பட்டனைத் தட்டி ஏத்திக்குவேன். சத்தம் டி-யில வரும்."

"அப்ப தாள்ல சி-ன்னு எழுதியிருக்கு?"

"அது என் விரலுக்கு எழுதினது. முன்னாடி இருந்த அண்ணே கிடார் கழுத்துல ஒரு கிளிப்ப மாட்டிக்கிட்டு வாசிப்பாரு."

"இத என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"நீங்க டீச்சர்ல. தெரிஞ்சுருக்கும்னு நெனச்சேன்."

பெண்கள் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பட்டனை எடுத்துவிடவா என்று அவர் கேட்டதும் அது நின்றது. "எடுத்தா அம்புட்டுக் கீழ எங்க தொண்டை எறங்காது," என்றார் ஒருவர்.

அந்தக் கிளிப்புக்குக் கேப்போ என்று பெயர். அந்த நேரத்துக்கு அதை எங்கே போய் வாங்குவது? மனைவி பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தாள். பக்கத்துப் பெண்ணின் கூந்தலிலிருந்து ரப்பர் பேண்டை வாங்கி, பென்சிலை இரண்டாம் கட்டத்தில் தந்திகளுக்குக் குறுக்காக இறுக்கிக் கட்டினாள். தந்திகள் அத்தனையும் இரண்டு படி ஏறின. பிடித்தது அதே சி, கேட்டது டி.

வருகைப் பாடலை முழுதாக வாசித்தார்கள். எஃப் வந்த இடங்களில் ஒரு தந்தி கரகரத்தது. மற்றபடி கிடாரும் கீபோர்டும் ஒன்றாகப் போயின. விரலில் குறையில்லை என்று அவளுக்குத் தெரிந்த கணத்தை நான் பார்த்தேன்: நிமிர்ந்து உட்கார்ந்தாள், விரல்களைப் பார்க்காமல் தாளைப் பார்த்து வாசித்தாள்.

பாட்டு முடிந்ததும் தலைவர் ஓரமாகப் போய்ச் செம்பட்டிக்குப் போன் போட்டார். "வேணாம்ப்பா, இங்கேயே ஆளு இருக்கு. கோவிச்சுக்காத." பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழம எட்டு மணிக்கு வந்துருங்க. லேட்டாச்சுன்னா அவனையே கூப்புட்ருவேன்."

"ஏழு மணிக்கே வாரேன்ணே," என்றாள் மனைவி. "நீங்க கதவத் தொறந்து வைங்க."