டிரம்முக்குள் இருந்த பிள்ளை

எங்கள் தாராவிச் சந்தில் குழாய்த்தண்ணீர் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும். எந்தப் படத்துக்காகவும் அது காத்திருக்காது. மாட்டுங்கா தியேட்டரில் மதியக் காட்சிக்குப் போயிருந்த நானும் என் அண்ணன் மனைவியான மதினியும் அதனால்தான் பாதியில் எழுந்தோம்.

இந்திப் படம். வீட்டில் ஒருத்தி தனியாக இருக்கிறாள். மூன்று திருடர்கள் கதவை உடைக்கிறார்கள். அவள் கைக்குழந்தையைக் காலி டிரம்முக்குள் வைத்து மூடுகிறாள். ஒருவன் வந்து அந்த மூடியின் மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறான். அந்த இடத்தில் வந்துவிட்டோம்.

வரிசையில் எங்கள் குடங்கள் நகர்ந்தன. மதினியின் மனசு நகரவில்லை. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை.

"அந்தப் புள்ள என்னாச்சின்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காதுளா" என்றாள்.

படம் பார்த்தவர்களையெல்லாம் கேட்டாள். தாய் திருடனைக் கத்தரிக்கோலால் குத்திவிட்டாள் என்றார் தையல்கார அண்ணாச்சி. டிராம்பேக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரோ, ஆலைச் சங்கு ஊதியதும் திருடர்கள் ஓடிவிட்டதாகச் சொன்னார். கோயிலில் பாடுகிற அக்காவின் படத்தில் திருடன் மண்டியிட்டு அழுதான். எல்லோருடைய படத்திலும் பிள்ளை தூங்கிக்கொண்டே பிழைத்தது. பிள்ளைத்தாச்சியிடம் யார் கெட்டதைச் சொல்வார்கள்?

மதினிக்கும் புரிந்துவிட்டது. "ஆளுக்கொரு படம் பாத்திருக்காவ. நீ போயி முழுசாப் பாத்துட்டு வா. எனக்காவச் சொல்லாத, உள்ளதைச் சொல்லு." என் குடத்தைத் தான் நகர்த்திக்கொள்வதாகச் சொல்லி, மறுநாள் மதியக் காட்சிக்கு என்னை அனுப்பினாள்.

முடிவுவரை பார்த்தேன். திருடர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளை பிழைத்தது. சந்தோஷமாகத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது: நான் சொல்லப்போகும் உண்மையும் அவர்கள் சொன்ன பொய்யும் ஒன்றுபோலவே இருக்கும்.

குழாயில் தண்ணீர் நூலாகிவிட்டிருந்தது. "பொழச்சிட்டு மதினி" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. குடத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மூடியத் தொறக்கும்போது புள்ள என்ன செஞ்சிது?"

"வீல்னு கத்திச்சு. மூஞ்சியெல்லாம் செவந்து, மூக்கு ஒழுகி, தாய்க்காரிகிட்ட போவவே மாட்டேன்னு அவ முடியப் புடிச்சி இழுத்துச்சு."

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பம் பொழச்சிதான் இருக்கு. தூங்குத புள்ளைய யாரு வேணும்னாலும் சொல்லிரலாம்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த குடத்தைக் குழாயடிக்குத் தள்ளினாள்.