அப்பா பேசும் வேகம்

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் இருக்கும் டீட்டர் புதிதாக காம்பாக்ட் டிஸ்க் பிளேயர் வாங்கியிருக்கிறார். வட்டை உள்ளே தள்ளினால் பாட்டு தொடங்கும்வரை ஒரு சின்னச் சத்தம்கூட வருவதில்லை. முதல்முறை கேட்கப் போனபோது கரண்டு போய்விட்டதென்று நினைத்து விளக்கை நிமிர்ந்து பார்த்தேன். ரெக்கார்டோ கேசட்டோ, நமக்கெல்லாம் முதலில் கரகரப்பு கேட்க வேண்டும். டீட்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. எத்தனை தடவை போட்டாலும் தேயாது, வேகம் மாறாது என்றார். நானும் அப்போதுதான் ஒரு நல்ல கேசட் டெக் வாங்கியிருந்தேன். ஜெர்மன்காரர்கள் செய்த மெஷின் தப்பு செய்யாது என்பது என் எண்ணம்.

அந்த டெக்கில்தான் ஊரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்த அப்பாவின் கேசட்டைப் போட்டேன். அப்பாவுக்குச் சொந்த ஊர் சிலமலை. போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதன் புகையிலேயே கிடந்து அப்பாவுக்கு மூச்சு இளைப்பு வந்துவிட்டது. ஆனால் பேச்சு நிதானம். அவர் ஒரு பேச்சைப் பேசி முடிப்பதற்குள் ஜீப்பு மலைப்பாதையில் மெட்டு ஏறிவிடும் என்று கேலி செய்வோம். டெக்கில் வந்த குரலோ கீச்சென்று, மூச்சு விட இடமில்லாமல் ஓடியது.

"அப்பு, நல்லாருக்கியா? எளப்பெல்லாம் விட்டுப்போச்சு, நீ கவலப்படாத. பழைய பேட்டரிய ஸ்டோர்ல ஏலக்காயோட காயப்போட்டு எடுத்தேன், டேப்பு ஓடுது பாரு. சோலி கெடக்கு, வெரசா பேசிட்டு வைக்கிறேன்."

நன்றாக இருக்கிறவர் அதை வலியச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் இப்படி ஓட்டிப் பேசுகிறாரா? தோட்டத்தில் போன் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், சோறு இறங்கவில்லை. தொழிற்சாலையில் மேலாளரிடம் போய், அப்பா வேகமாகப் பேசுகிறார், ஊருக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் விழித்தார். "உங்கள்மேல் கோபமாக இருக்கிறாரா?" என்று கேட்டார்.

கேசட்டை டீட்டரிடம் எடுத்துப் போனேன். கேட்டுவிட்டு, "உன் தம்பியா?" என்றார். அப்பா என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பேட்டரி விஷயத்தைச் சொன்னபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. சோர்ந்த பேட்டரியில் மெதுவாகச் சுற்றிப் பதிவான டேப், சரியான வேகத்தில் சுற்றும் டெக்கில் போட்டால் குரல் கீச்சென்று வேகமாக ஓடத்தானே செய்யும் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போடிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் ரெக்கார்டில் பாடுகிறவரின் குரல் தொங்கிப்போகும். "கரண்டு எறங்கிருச்சுண்ணே" என்பார் கடைக்காரர். பாடுகிறவருக்கு உடம்பு சரியில்லை என்று யாரும் நினைத்ததில்லை. அங்கே மெஷினைத்தான் சந்தேகப்பட்டோம். இங்கே வந்து மெஷினை நம்பி அப்பாவைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

டீட்டரிடமும் ஒரு கேசட் டெக் உண்டு, அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, "உன் அப்பா வந்ததும் சொல்" என்றார். மெல்லக் குறைத்தார். குரல் கனத்தது, வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி வந்தது. "போதும், இவர்தான்!" என்று கத்தினேன். கண் கலங்கிவிட்டது. அப்பா நிதானமாக, இளைப்பே இல்லாமல் பேசினார்.

டீட்டர் கையை எடுக்கவில்லை. "நிச்சயமா?" என்று இன்னும் கொஞ்சம் குறைத்தார். இப்போதும் அப்பாதான். ஆனால் வயதானவராக, இழுத்து இழுத்து மூச்சு விட்டார். பதறிப்போய்த் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்னேன்.

எந்தக் குரலில் நிறுத்தச் சொன்னேன் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது. அது என்னை வழியனுப்ப மதுரைவரை வந்த அப்பாவின் குரல். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓடிவிட்டது; இப்போதைய குரல் எது என்று என் காதுக்குத் தெரியாது. டீட்டரின் வட்டில் இந்த வம்பு இல்லை, அதன் வேகத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது. கேசட்டில் அது என் விருப்பத்துக்கு வந்துவிட்டது. கீழே என் வீட்டில் அப்பா மூச்சிரைக்க ஓடுகிறார். மேலே டீட்டர் வீட்டில் சுகமாக நடக்கிறார். போடிமெட்டில் இந்நேரம் எந்த அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமல் நான் நடுப்படியில் நிற்கிறேன்.