பச்சை மை ஓட்டு

"ஓட்டுப் போடுற பென்சில நக்கிப் பாத்திருக்கியா?" என்றுதான் நெரினா அக்கா ஆரம்பித்தார்.

மேல்கோட்டை வாங்கிக்கொள்ள அவருடைய சலவைக் கடைக்குப் போயிருந்தேன். இத்தாலியில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய எங்கள் கொரிட்சியா நகரத்தின் மேயர் தேர்தலில் வாக்கு எண்ணுகிறவர்களில் ஒருத்தியாகக் குலுக்கலில் என் பெயர் வந்திருந்தது. தெருவுக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

"இல்லக்கா."

"கொரிட்சியால பாதிப் பேர் நக்கிட்டுத்தான் குறி போடுறான். எச்சில் பட்டா ஊதாவா ஊறிடும், அழிக்க முடியாதாம். நான் அப்படி ஏமாறுறவ இல்ல." துணிச் சீட்டுகளில் பெயர் எழுதும் பச்சைப் பேனாவை எடுத்துக் காட்டினார். "திரைக்குப் பின்னால போனதும் அவங்க பென்சில ஓரமா வெச்சிடுவேன். இதாலதான் போடுவேன். என்னிக்குமே இதாலதான்."

"அது செல்லாதுக்கா. பயிற்சியில சொன்னாங்க."

"சொல்லத்தானே செய்வாங்க! ரப்பர் அவங்க கையில இருக்கு. பேனால போடுங்கன்னா சொல்லுவாங்க?"

"யாரு சீட்டுன்னு அடையாளம் தெரியக் கூடாது, அதுக்குத்தான். ஓட்டு ரகசியம்."

"யாருக்குடி ரகசியம்? எண்ணுறவனுக்கா?"

அதற்குள் ஒருவர் கைநிறையத் திரைச்சீலைகளோடு உள்ளே வந்தார். அக்கா ஸ்லோவேனியனிலிருந்து இத்தாலியனுக்கு மாறி, வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் இரண்டு மொழியிலும் படித்தவள். சந்தேகப்பட வேண்டியதை மட்டும் அவர் என்னோடு ஸ்லோவேனியனில் பேசுவார்.

அவருடைய அப்பா மிலாவெட்ஸ் என்ற குடும்பப் பெயரோடு பிறந்தவர். பாசிசக் காலத்தில், அவர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஓர் அதிகாரி அந்த ஸ்லோவேனியப் பெயரை மிலானி என்று இத்தாலியப் பெயராக மாற்றிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த நெரினா அக்கா, எரிவாயு மீட்டர் பார்க்க வருபவரின் தோளுக்குப் பின்னால் நின்று தானும் பார்ப்பார். எதிலும் முதல் நாளே கையெழுத்துப் போட மாட்டார். நகர மன்றக் கூட்டங்களில் பொதுமக்கள் வரிசையில் அநேகமாக அவர் ஒருவர்தான் இருப்பார். இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் அரசியல் சாசனத்தின் சின்னப் பிரதி ஒன்று எப்போதும் கிடக்கும்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்பார். "எழுதினவங்கள நம்பலாம். இப்போ வாசிக்கிறாங்களே, அவங்களத்தான் நம்ப முடியாது."

ஆனாலும் வாக்குச்சாவடிக் கதவு திறக்கும்போது முதலில் நிற்பவர் அவர்தான். அந்த ஜூன் மாதமும் அப்படித்தான் நின்றார். என்னைத் தெரியாதவர் போலப் பென்சிலை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனார்.

வாக்கு எண்ணுவதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அக்கா வரவில்லை. "பாக்க விடுற எடத்துல எவன் திருடுவான்?" என்று முன்பே சொல்லியிருந்தார்.

தொடக்கப் பள்ளியின் அந்த வகுப்பறையில் காற்றே இல்லை. தலைமை அதிகாரி சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து உரக்க வாசித்தார். ஒரு சீட்டில் கை நின்றது. குறி பச்சையாக இருந்தது. கட்சிப் பிரதிநிதிகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. செல்லாத சீட்டுகளோடு அது போனது. யாருக்குப் போட்டிருந்தது என்பதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டேன்.

பாதி வாக்குகளைத் தாண்டச் சொற்ப வாக்குகள் குறைந்து, அந்த வேட்பாளர் முதல் சுற்று வெற்றியைத் தவறவிட்டார். இரண்டு வாரத்தில் மறு சுற்று என்று அறிவித்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வெள்ளைச் சட்டையின் பையில் ஊதாக் கறையைப் பார்த்தேன். எண்ணும்போது பென்சிலைப் பையில் வைத்திருந்தேன், வியர்வையில் ஊறியிருக்கிறது. சட்டையை நெரினா அக்காவிடமே கொடுத்தேன். எங்கள் தெருவில் வேறு சலவைக் கடை கிடையாது.

"திருடிட்டானுங்க," என்றார், சட்டையை வாங்கிக்கொண்டே. "என் ஓட்ட எங்கடி போட்டீங்க?"

துணிச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பப் போனபோது சட்டை விரித்துக் கிடந்தது. கறை அப்படியே இருந்தது.

"வினிகர் போட்டேன், சாராயம் போட்டேன், கடைசியா என் பொல்லாத மருந்தையும் போட்டுப் பாத்துட்டேன். அசையல. என்ன எழவு மை இது?"

"ஓட்டுப் பென்சில்க்கா."

அவர் கறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேணும்னே கொண்டு வந்தியா?"

"இல்லக்கா. சத்தியமா."

"எம் பச்சைச் சீட்டு உன் கண்ணுல பட்டுச்சா?"

எந்தச் சீட்டைப் பற்றியும் வெளியே பேசக் கூடாது. பேசாமல் நின்றேன். அந்த மௌனத்தையும் அவர் சலவைக்கு வந்த துணியைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ, நான் யாருக்குப் போட்டேன்னு உனக்குத் தெரியும்." குரல் தாழ்ந்துவிட்டது. "இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. எங்கப்பாகிட்டகூட நான் சொன்னதில்ல."

அவர் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார். பச்சைப் பேனாவுக்கு மூடி போட்டு மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். சட்டையை மடித்து என் கையில் கொடுத்தார், ஆனால் உடனே விடவில்லை.

"உன்ன நம்பிட்டேன்னு நெனச்சுக்காத. மறு சுத்துலயும் நீதானே அங்க உக்காரப் போற? எனக்கு ஒண்ணு மட்டும் பண்ணு, பொண்ணு. அந்தச் சீட்டு என்ன ஆச்சுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. நானே வந்து கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாத."